உப்புக்கண்டமும் ஹலால் முத்திரையும்

உண்ணும் உணவில் நம்பிக்கை வேண்டும் என்பது எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானதே. இஸ்லாமியருக்கோ, இறைச்சியைப் பொறுத்தவரை, அது மார்க்கக் கடமையாகவே அமைந்துள்ளது. உண்ணத்தக்க பிராணியை, அது உயிரோடிருக்கையில், இறைவன் திருநாமத்தை மொழிந்து, கூரிய கத்தியால் கழுத்தை அறுத்துக் குருதியை வடியவிடல் வேண்டும். தானே செத்த பிராணியும், குருதியும், பன்றி இறைச்சியும் விலக்கப்பட்டவை. ஆயினும், கலத்தில் வந்த கறியைக் கண்டு இவ்விதிகள் பேணப்பட்டனவா என்று எவராலும் கூற இயலாது. அறுத்தவர் இன்னார் என்னும் நம்பிக்கையே அங்கே சான்றாகின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அச்சான்று நெடுங்காலம் எளிதிற் கிடைத்தது. யாழ்ப்பாண நகரில் சோனகத் தெருவைச் சூழ்ந்து வாழ்ந்த முஸ்லிம்கள், தையல், இரும்பு வணிகம், நகை வணிகம் முதலியவற்றோடு இறைச்சி வணிகத்திலும் ஈடுபட்டிருந்தனர். இறைச்சிக்கடைக்காரர் அயலவர், பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவர். அவருடைய முகமே முத்திரையாயிற்று.

இறைச்சியைப் பல நாள் வைத்துண்ணும் கலையும் தமிழ்நாட்டார் அறியாததன்று. ஹஜ்ஜுப் பெருநாளிற் கொடுக்கப்படும் குர்பான் இறைச்சியை உறவினர்க்கும் ஏழைகட்கும் பகிர்ந்தபின் எஞ்சியதைக் கீலங்கீலமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றிற் கோத்து வெயிலில் உலர்த்துவதுண்டு. இதுவே உப்புக்கண்டம். உப்பும் வெயிலும் ஈரத்தை வாங்கிவிடுவதால் கிருமிகள் பெருகுவதில்லை. அரபு நாட்டார் இதனையொத்ததைக் கதீத் என்பர். துருக்கியர், மாட்டிறைச்சியை உப்பிட்டு அழுத்தி உலர்த்தி, வெந்தயம், பூண்டு, மிளகாய் அரைத்த விழுதைப் பூசிப் பஸ்திர்மா என்னும் பதார்த்தத்தை ஆக்குவர். கைசேரி நகரம் அதற்குப் பெயர் பெற்றது. ஆகவே, பதனிட்ட இறைச்சியும் ஹலால் நெறியும் ஒன்றுக்கொன்று புறம்பானவை அல்ல.

ஐரோப்பியர் வழிவந்த சொசேஜ் முதலியனவே ஐயத்தை விளைவித்தன. அரைத்த இறைச்சியில் எது எவ்விலங்கினது என்பது புலனாவதில்லை. மாட்டிறைச்சியேயாயினும், அதனை அடைக்கும் உறை பன்றிக் குடலாயிருக்கலாம். கொழுப்பும் ஜெலட்டினும் பன்றியினின்று பெறப்பட்டவையாயிருக்கலாம். சுவைக்காக மது சேர்க்கப்பட்டிருக்கலாம். அறுத்தவரும் அரைத்தவரும் கண்ணுக்கெட்டாத தொலைவிலிருக்க, உண்பவர் கையில் இருப்பது ஒரு பொதி மட்டுமே.

குடாநாட்டிலோ அருகிலிருந்த சான்றும் ஒரே நாளில் அற்றுப்போயிற்று. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், விடுதலைப் புலிகளின் கட்டளையால், யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டு வட மாகாணமெங்கணுமிருந்து இவ்வாறு அகற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். வீடும் கடையும் மட்டுமன்றி, இன்னாரிடம் வாங்கலாம் என்ற தலைமுறை நம்பிக்கையும் அன்று கலைந்தது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் ஒரு பகுதியினரே மீண்டனர்.

இதற்கிடையில், முகத்தின் இடத்தை முத்திரை பெற்றது. 1924இல் நிறுவப்பட்ட அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உணவுப் பொருள்களுக்கு ஹலால் சான்று வழங்கி வந்தது. 2012இல் தோன்றிய பொது பல சேனா என்னும் பௌத்த இயக்கம் அதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தது. 2013 மார்ச் மாதத்தில், உள்நாட்டுச் சந்தைப் பொருள்களில் அம்முத்திரை கட்டாயமன்று என ஜம்இய்யத்துல் உலமா அறிவிக்க நேர்ந்தது. பின்னர், சான்றளிக்கும் பணியைத் தனி நிறுவனமொன்று ஏற்றுக்கொண்டது.

முத்திரையின் பயன் சிறிதன்று. இறைச்சி அறுக்கப்பட்ட முறை, உறை, கொழுப்பு, ஜெலட்டின் ஆகியவற்றின் மூலம், பன்றி இறைச்சி தீண்டாத தனிக்கருவிகள் என்பனவற்றை, வாங்குவோர் சார்பில் ஒருவர் நேரிற் சென்று ஆராய்ந்தார் என்பதே அதன் பொருள். ஆலையைக் காணாத ஒருவர் வேறெவ்வாறு இவற்றை அறிதல் கூடும்?

எனினும், முத்திரையை அச்சிடுவது எளிது. அதன் பின்னால் நிற்கும் நம்பிக்கையை வளர்ப்பதே அரிது. சோனகத் தெருவில் மீண்டும் திறக்கப்பட்ட கடையொன்றில், பெயர் சொல்லி அழைத்து இறைச்சி வாங்குகின்ற அயலவர், அச்சிட்ட எந்த முத்திரையும் தரவியலாத ஒன்றை மீளப் பெறுகின்றார்.