காற்றுக்குக் கொடுத்த கூலி

தென்மேற்குப் பருவக் காற்று வீசும் நாட்களில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் சாலை வழியே சென்றவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மலைகளுக்கு நடுவே உள்ள அந்த வாயில் வழியாகக் காற்றுச் சீறிக்கொண்டு வரும். இன்று அவ்வட்டாரமெங்கும் காற்றாலைகள் நிற்பதே அதற்குச் சான்று. அந்தக் காற்றை எதிர்த்து ஒரு பழைய டீசல் வண்டியில் பலமுறை பயணம் செய்தவன் நான். அந்த வண்டியிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1980-களின் பிற்பகுதியில் என் தந்தையார் மதுரையில் டீசல் அம்பாசடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டிவந்தார். பெட்டி படுக்கைகளை ஏற்றுவதற்காக அதன் கூரைமேல் இரும்புக் கேரியர் ஒன்று உண்டு. சாமான் இல்லாத சவாரி என்றால், அதைக் கழற்றித் திண்ணையில் சாத்திவிட்டுத்தான் அவர் புறப்படுவார். கழற்றுவதும் மாட்டுவதும் என் வேலை. துருப்பிடித்த திருகாணிகளோடு போராடியதில் விரல் தோல் உரியும். ஒருநாள் சலிப்புற்று, “வெறும் கேரியர்தானே, அப்பா! அது என்ன அவ்வளவு கனமா? இருந்துவிட்டுப் போகட்டுமே” என்றேன்.

“கனத்தை யார் சொன்னது, தம்பி? அது இருந்தால் காற்றையும் ஏற்றிக்கொண்டு போகிறோம். அந்தக் காற்றுக்குக் கூலி யார் கொடுப்பது?” என்றார் அவர்.

வெறும் பேச்சன்று அது. டீசல் போடும்போதெல்லாம் ஓடிய தூரத்தையும் லிட்டரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பது அவர் வழக்கம். கேரியரோடு ஓடினால் லிட்டருக்கு 13 கிலோமீட்டர். அதைக் கழற்றிவிட்டால் 14. நாகர்கோவிலுக்குப் போய்த் திரும்ப 500 கிலோமீட்டர் என்று கொண்டால், மிச்சம் இரண்டே முக்கால் லிட்டர். எங்கள் வீட்டின் ஒரு நாள் பால் செலவும் காய்கறிச் செலவும் அதற்குள் அடங்கிவிடும்.

பின்னர் நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். விடுமுறைக்கு வந்த மாணவனுக்கு உரிய பெருமிதத்துடன், “வண்டியின் முகப்பில் கூர்மையான தகடு ஒன்றைப் பொருத்தினால், அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்” என்று தந்தையாருக்கு உபதேசம் செய்தேன். அவர் சிரித்தார். “மீனைப் பார்த்ததில்லையா நீ? அதற்குத் தலை பெரிது, வால்தான் சிறிது” என்றார். நான் அதைக் கேலி என்றே கொண்டேன். மோட்டார் வண்டியின் வரலாற்றைப் படித்தபோதுதான், தேர்ந்த பொறியியலறிஞர்கள் பெருஞ்செலவு செய்து கண்ட முடிவும் அதுவே என்று தெரிந்து வெட்கினேன்.

வெள்ளம் ஓடும் ஆற்றிலே பாலத்தின் தூணைக் கவனித்திருக்கிறீர்களா? தூணின் முன்னே நீர் சற்று உயர்ந்து இரு பக்கமும் பிரிந்துவிடும். ஆரவாரமெல்லாம் பின்னேதான், அங்கேதான் சுழியும் நுரையும். ஓடும் வண்டியைச் சூழ்ந்த காற்றும் அவ்வாறே. வண்டிக்குப் பின்னால் காற்று ஒழுங்காக வந்து கூடாமற் சுழலும்போது, அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. சுழல்களைச் சுழற்றும் ஆற்றல் வானத்திலிருந்து வருவதில்லை. வண்டியின் எண்ணெய்த் தொட்டியிலிருந்தே வருகிறது.

இந்தத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் போல வளரும். 40 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக்கினால், தடை இரு மடங்கு அன்று, நான்கு மடங்கு. எதிர்க்காற்றும் இக்கணக்கில் சேரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிர்த்தால், தடை இரண்டேகால் மடங்காகும். திரும்பி வரும்போது அதே காற்றுப் பின்னிருந்து வீசினால் தடை கால் பங்காகும். இரண்டுக்கும் சராசரி பார்த்தாலும், காற்றில்லாத நாளைவிடக் கால் பங்கு கூடுதலே. போகும்போது ஆரல்வாய்மொழியில் இழந்ததை வரும்போது முழுவதும் மீட்க இயலாது என்பதை எங்கள் வீட்டு நோட்டுப் புத்தகமும் சொல்லிற்று.

ஒரு வடிவம் காற்றை எவ்வளவு எளிதாக வழிவிடச் செய்கிறது என்பதை அறிஞர்கள் ஓர் எண்ணால் குறிப்பர். அதைத் தடை எண் என்று சொல்லலாம். ஒரு சதுரப் பலகையைக் காற்றுக்கு நேராக நிறுத்தினால், அதன் தடை எண் 1-க்குச் சற்று மேலே இருக்கும். எண் குறையக் குறைய வடிவம் சிறந்தது எனக் கொள்ளலாம்.

வரலாறு 1899-இல் தொடங்குகிறது. பெல்ஜிய நாட்டவரான காமில் ஜெனாட்சி, வெடிகுண்டுபோல் இருபுறமும் கூரிய மின்சார வண்டி ஒன்றைச் செய்து, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தார். உடல் கூராக இருந்ததே தவிர, சக்கரங்கள் வெளியே நீண்டிருந்தன. ஓட்டுநரும் இடுப்புக்கு மேல் காற்றிலேயே அமர்ந்திருந்தார். வடிவத்தால் பெற்ற நன்மையில் பெரும்பகுதி அதனால் வீணாயிற்று.

உண்மையான திருப்பம் ஜெர்மனியில் நேர்ந்தது. முதல் உலகப் போரில் தோற்ற அந்நாடு விமானம் கட்டுவதற்கு வெர்சேல்ஸ் உடன்படிக்கை தடை விதித்தது. விமானம் கட்டிய கைகள் மோட்டார் வண்டியின் பக்கம் திரும்பின. எட்மண்ட் ரும்ப்ளர் என்பார் 1921-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் ‘துளி வண்டி’ ஒன்றை வைத்தார். விழும் நீர்த்துளிக்கு ஓவியர் தரும் வடிவம் அதற்கு: முன்னே உருண்டும் பின்னே ஒடுங்கியும் இருந்தது. 1979-இல் வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் அதன் தடை எண்ணை அளந்தபோது 0.28 என்று கண்டார்கள். அவ்வண்டி பிறந்த காலத்துச் சாதாரண வண்டிகளுக்கோ அந்த எண் 0.6-க்கும் மேல்! ஆயினும், ஏறத்தாழ நூறு துளி வண்டிகளே செய்யப்பட்டன. வாங்குவார் இல்லாமற்போன சில வண்டிகள் 1927-இல் வெளிவந்த ‘மெட்ரோபோலிஸ்’ என்னும் திரைப்படத்துக்காகக் கொளுத்தப்பட்டன.

அதே காலத்தில், செப்பலின் ஆகாயக் கப்பல்களைக் கட்டிய நிறுவனத்தில் பணிபுரிந்த பால் யாராய் என்ற பொறியியலறிஞர், தரையை ஒட்டி ஓடும் வண்டிக்கு உரிய வடிவத்தை ஆராய்ந்து உரிமைப் பத்திரங்கள் பெற்றார். அவருடைய கருத்துகளைத் தழுவி, செக்கோஸ்லோவாகியாவில் ‘டாட்ரா 77’ என்னும் வண்டி 1934-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் ‘ஏர்ஃபுளோ’ வண்டியை வெளியிட்டது. அதற்காக ஆராய்ச்சி செய்த கார்ல் பிரீயர் ஒரு விந்தையைக் கண்டார். அக்கால வண்டிகளின் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் பின்முன்னாகத் திருப்பிவைத்தபோது, தடை குறைந்தது! உலகமே வண்டியைத் தலைகீழான முறையில் ஓட்டிக்கொண்டிருந்தது எனலாம். என் தந்தையாரின் மீன் எனக்கு நினைவு வந்த இடம் இதுவே. ஆனால் ஏர்ஃபுளோ வண்டியின் தோற்றத்தை மக்கள் ஏற்கவில்லை. 1937-க்குப் பின் அது செய்யப்படவில்லை.

மற்றொரு சிக்கலும் இருந்தது. மீன்வால்போல் ஒடுங்கும் பின்புறத்தை முழுவதும் நீட்டினால், வண்டி கொட்டகைக்குள் அடங்காது. ஸ்டுட்கார்ட் நகரத்துப் பேராசிரியர் வுனிபால்ட் கம் 1930-களில் இதற்கு வழி கண்டார். பின்புறத்தை மெல்லச் சரித்துக்கொண்டு வந்து, தக்க இடத்தில் நேராக வெட்டிவிட்டாலும், பயனில் பெரும்பகுதி நிலைக்கும் என்று அவர் காட்டினார். இன்று நாம் காணும் பல வண்டிகளின் வெட்டிய பின்புறத்துக்கு மூலம் அந்த ஆராய்ச்சியே.

இனி டீசலுக்கு வருவோம். ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றி கண்டது. அது பயணக் காருக்குள் புகுந்து வழக்கத்துக்கு வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1936-இல் பெர்லினில் காட்டப்பட்ட மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி வண்டி, 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 லிட்டர் எண்ணெய் குடித்தது. அதற்கு ஒப்பான பெட்ரோல் வண்டிக்கோ 13 லிட்டர் வேண்டியிருந்தது. அதை விரும்பி வாங்கியவர்களுள் முதன்மையானோர் வாடகை வண்டிக்காரர்கள். நோட்டுப் புத்தகம் வைத்திருப்போர் எந்நாட்டிலும் உண்டு அன்றோ?

டீசலுக்கும் நல்ல வடிவத்துக்கும் இயற்கையான பொருத்தம் ஒன்று உண்டு. பழைய பெட்ரோல் எஞ்சின், சுமை குறையும்போது தான் இழுக்கும் காற்றையே ஒரு கதவால் அடைத்துக்கொள்ளும். அடைபட்ட வழியே மூச்சிழுப்பதில் ஆற்றல் வீணாகும். பழைய டீசல் எஞ்சினுக்கு அந்த அடைப்பில்லை. அது காற்றை நிறைய இழுத்துக்கொண்டு, எண்ணெயின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கும். ஆகவே, காற்றுத் தடையைக் குறைத்தால் அந்தக் குறைவு டீசல் செலவிலே பெரும்பாலும் அப்படியே தெரியும்.

வடிவம் பற்றிய அறிவு 1920-களிலேயே இருந்தது. டீசல் கார் 1936-லேயே வந்துவிட்டது. ஆயினும் இரண்டும் முழு மனத்தோடு கைகோத்தது எப்போது? 1973-ஆம் ஆண்டு மேற்காசியப் போரை ஒட்டி, எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்கு உயர்ந்த பிறகுதான். 1978-இல் இத்தாலியின் நார்டோ ஓட்டப் பாதையில், மெர்சிடிஸ்-பென்ஸின் சி 111 சோதனை வண்டிகளுள் மூன்றாவதான டீசல் வண்டி ஓடியது. தடை எண் 0.2-க்கும் குறைவு, எஞ்சினோ ஐந்து சிலிண்டரும் 230 குதிரைத்திறனும் உடையது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் மணிக்கணக்காக ஓடியும், அது 100 கிலோமீட்டருக்கு 16 லிட்டர் எண்ணெயே கொண்டது. புகைவதும் முனகுவதுமே டீசலின் இயல்பு என்றிருந்தவர்கள் வியந்தனர்.

புதிய வண்டி செய்ய இயலாதவன் என்ன செய்வது? அதற்கும் அந்தக் காலமே விடை தந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் கலிபோர்னியப் பாலைவன ஆராய்ச்சி நிலையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியியலறிஞர் இருந்தார். 1973-இல் அவர் மிதிவண்டியில் வேலைக்குச் செல்லுகையில், கடந்துபோகும் லாரிகள் தம்மை முதலில் தள்ளுவதையும் பிறகு இழுப்பதையும் உணர்ந்தார். அவருடைய குழுவினர் ஒரு சாதாரண வேன் வண்டிக்கு அலுமினியத் தகடு போர்த்திப் பெட்டிபோல் ஆக்கினர். பிறகு அதன் விளிம்புகளை உருட்டி, அடிப்புறத்தையும் மூடிச் சோதித்தனர். அளக்கும் முறையோ எளியது: வண்டியைக் கியரிலிருந்து விலக்கி உருளவிட்டு, வேகம் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். விளிம்புகளை உருட்டியதாலேயே தடை ஏறத்தாழ பாதியாயிற்று. இன்று நெடுஞ்சாலை லாரிகளின் கூரைமேல் காணும் வளைந்த கவசத்துக்குப் பின்னே இத்தகைய சோதனைகள் நிற்கின்றன.

2002-இல் வோக்ஸ்வாகன் நிறுவனத் தலைவர் ஃபெர்டினாண்ட் பீயெஷ், ஒருவர்பின் ஒருவராக இருவர் மட்டுமே அமரும் சிறிய டீசல் வண்டியை வுல்ஃப்ஸ்பர்கிலிருந்து ஹாம்பர்க் வரை தாமே ஓட்டிச் சென்றார். 100 கிலோமீட்டருக்கு ஆன எண்ணெய் 0.89 லிட்டர்! அவ்வண்டியின் தடை எண் 0.159. ரும்ப்ளரின் துளி, எண்பது ஆண்டுகள் கழித்து உரிய எஞ்சினைப் பெற்றது.

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த வரலாறு சொல்வது என்ன? வேண்டாதபோது கூரைக் கேரியரைக் கழற்றிவிடுங்கள். நெடுஞ்சாலையில் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். சக்கரத்துக்குத் தட்டையான மூடி போடுவதும், அடிப்புறத்தில் தகடு பொருத்துவதும் பயன் தரும். ஆனால் எஞ்சினுக்குக் குளிர்ச்சி தரும் காற்றை அடைத்துவிடாதீர்கள். முகப்பைக் கூர்மையாக்கி அழகு பார்ப்பதிலோ, பின்னால் அலங்கார இறக்கை வைப்பதிலோ மிச்சம் ஏதும் இல்லை. ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்கும் இவற்றால் பெரும்பயன் விளையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேகத்தைக் குறையுங்கள். 80-லிருந்து 60-க்கு இறங்கினால், காற்றுத் தடை ஏறத்தாழ பாதியாகக் குறையும். அதற்குத் தகடும் வேண்டாம், தச்சரும் வேண்டாம்.

என் தந்தையார் 60-க்கு மேல் ஓட்டியதில்லை. “மாட்டு வண்டியா இது?” என்று சவாரிக்காரர்கள் கேலி செய்ததுண்டு. அவர் பதில் சொல்லமாட்டார். வீடு சேர்ந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். அந்த வண்டியை விற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தந்தையாரும் இன்று இல்லை. நோட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதன் வரிகளில் 13-க்கும் 14-க்கும் உள்ள வேற்றுமையைப் பார்க்கும்போதெல்லாம், என் கல்லூரிப் படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு விளங்குகிறது. காற்றுக்குக் கொடுக்காத கூலியை அவர் எனக்குக் கொடுத்தார்.