மொரப்பூர் ரயிலும் தொப்பூர் கணவாயும்: ஒரு லாப நட்டக் கணக்கு

"நட்டத்தில் ஓடுகிறது, ஆகவே நிறுத்திவிட்டார்கள்." பஸ், ரயில், கூட்டுறவுக் கடை என்று எதைப் பற்றிப் பேசினாலும் நம் ஊர் டீக்கடைகளில் இந்த வாக்கியம் வந்து விழும். நட்டம் என்றால் யாருக்கு நட்டம், எந்தக் கணக்கில் நட்டம் என்று யாரும் கேட்பதில்லை. நம் தர்மபுரிச் சீமையிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்போம். அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவுக்குள் அடக்கம். 1871-ல் எடுத்த மக்கள் கணக்கையும் 1881-ல் எடுத்ததையும் ஒப்பிட்டால், ஜில்லாவின் ஜனத்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வேறு இடங்களில் தானியம் இருந்தும், ரயிலடியிலிருந்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோக வழியில்லை. மாட்டு வண்டியில் ஏற்றலாம் என்றால் மாட்டுக்கே தீனி இல்லை.

1880-ல் அறிக்கை கொடுத்த பஞ்சக் கமிஷன், பஞ்சம் வரும் பகுதிகளில் ரயில் பாதைகளும் பாசன வேலைகளும் வேண்டும் என்றது. அந்தக் காலத்தில் அரசாங்கம் இப்படிப்பட்ட வேலைகளை இரண்டு தலைப்பில் பிரித்து எழுதியது. போட்ட முதலுக்கு வட்டி கட்டும் அளவுக்கு வருமானம் தருபவை "ஆதாய வேலைகள்". வட்டிக்குப் போதாவிட்டாலும் பஞ்ச காலத்தில் உயிரையும் நிவாரணச் செலவையும் மிச்சப்படுத்துபவை "பாதுகாப்பு வேலைகள்". கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு தனித் தலைப்பு போட்டது சின்னக் காரியம் இல்லை. வட்டிக் கணக்கில் தேறாத வேலைக்கும் பணம் ஒதுக்க அதுதான் வழி திறந்தது.

அந்த வழியில் வந்தவைதான் நம் பக்கத்து இரண்டு சின்ன ரயில்கள். திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதை 1905-ல் திறக்கப்பட்டது. மொரப்பூர் - தர்மபுரி பாதை 1906-ல் வந்து, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டும் இரண்டரை அடி அகலமுள்ள குறுகிய பாதைகள்.

1930-களில் பஸ்ஸும் லாரியும் பெருகின. ரயிலுக்கும் ரோடுக்கும் உள்ள போட்டியை ஆராய மிட்செல், கர்க்னெஸ் என்ற இருவரை அரசாங்கமே நியமித்து, 1933-ல் அறிக்கை வாங்கியது. பிறகு யுத்தம் வந்தது. தண்டவாள இரும்புக்குக் கிராக்கி ஏற்பட, நாடெங்கும் பல கிளைப் பாதைகளைப் பிரித்தெடுத்தார்கள். நம் பாதைகள் இரண்டும் 1941-ல் மூடப்பட்டன. எந்தெந்தப் பாதையைப் பிடுங்கலாம் என்று பட்டியல் போடும்போது வருமானம் குறைந்ததுதான் முதலில் கண்ணில் படும். பஞ்சத்துக்காகப் போட்ட பாதைக்கு, பஞ்சம் இல்லாத வருஷங்களில் வருமானக் கணக்கு சாதகமாக இருக்காது. குடை மழையில்லாத நாளில் வெறும் சுமைதானே!

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அதனால் ஜூல் துப்புய் என்ற பிரெஞ்சு இஞ்சினியர் எனக்குப் பழக்கம். பிரான்ஸில் பாலமும் சாலையும் கட்டிய அரசாங்க உத்தியோகஸ்தர். 1844-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கேள்வி கேட்டார்: பொதுப்பணி ஒன்றின் பயனை எப்படி அளப்பது? வசூலான சுங்கம் மட்டும் பயன் ஆகாது என்பது அவர் வாதம். அதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் ஒருவருக்கு ஒரு பாலத்தால் 50 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். சுங்கம் 10 ரூபாய். பாலத்தின் கணக்கில் 10 ரூபாய்தான் ஏறும். மீதி 40 ரூபாய் அவர் மடியில் இருக்கிறது, எந்தப் பேரேட்டிலும் இல்லை. சுங்கத்தை 60 ரூபாய் ஆக்கினால் அவர் பாலத்துக்கே வரமாட்டார். அப்போது அந்த 50 ரூபாய் பயன் யாருக்கும் கிடைக்காமல் போகிறது. பிற்காலப் பொருளாதார நிபுணர்கள் இதன்மேல்தான் "நுகர்வோர் உபரி" என்ற பாடத்தைக் கட்டினார்கள்.

இன்னொன்று வட்டி விகிதம். 30 வருஷம் கழித்து வரப்போகும் 100 ரூபாய்க்கு, 10 சதவீத வட்டியில் இன்றைய மதிப்பு 5 ரூபாய் 73 காசு. 5 சதவீதத்தில் அதுவே 23 ரூபாய்க்கு மேல். அதே வேலை, அதே வருமானம். எந்த விகிதம் எழுதுகிறோமோ அதைப் பொறுத்து ஒரு திட்டம் தேறும், அல்லது விழும். நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் பலன் தரும் வேலைகள் எல்லாம் இந்த ஒரு எண்ணிலேயே அடிபட்டுப் போகும்.

இப்போது நம் தொப்பூருக்கு வருவோம். முன்பு ஏழாம் எண்ணாக இருந்து இப்போது 44 ஆகிவிட்ட தேசிய நெடுஞ்சாலை, தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் நம் கணவாயில் இறங்குகிறது. சுமை ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் மோதி எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்பது நமக்குத் தெரியும். பாளையம் சுங்கச்சாவடியின் வசூல் கணக்கில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. விபத்து நடந்தாலும் நடக்காவிட்டாலும் கட்டணம் ஒன்றுதான். சில நூறு கோடி செலவில் உயர்மட்டச் சாலை போட்டாலும், விபத்து குறைந்ததற்காகச் சாவடிக்கு ஒரு ரூபாய் கூடப்போவதில்லை. வசூலை மட்டும் பார்ப்பவருக்கு அது வீண் செலவு. துப்புய் வழியில் கணக்குப் போட்டால், பிழைத்த உயிர், மருத்துவச் செலவு, மணிக்கணக்கில் நின்ற வண்டிகளின் டீசல் எல்லாம் வரவுப் பக்கம் ஏறும். அப்படிப் போடும் கணக்குக்குப் பொருளாதார வருமான விகிதம் என்று பெயர். முதல் போட்டவர் கைக்கு வருவதை மட்டும் பார்ப்பது நிதி வருமான விகிதம். பெரிய திட்டங்களில் இரண்டையும் போடுவது முறை. பத்திரிகையில் ஒன்றுதான் வரும்.

வசூல் கணக்கே பொய் என்று நான் சொல்லவில்லை. கையில் காசு இல்லாமல் எந்த ஆபீஸும் சம்பளம் போட முடியாது. பயன் உண்டு, பயன் உண்டு என்று சொல்லியே உதவாத திட்டங்களுக்குப் பணத்தைக் கொட்டியதும் நாட்டில் நடந்திருக்கிறது. பயன் என்று எழுதுபவர் அது யாருக்கு, எவ்வளவு என்று எண்ணில் காட்ட வேண்டும். துப்புய் கேட்டதும் அதைத்தான்.

தர்மபுரிக்கு மறுபடி ரயில் கிடைக்க 1960-கள் வரை காத்திருந்தோம். ஓமலூர், தொப்பூர் வழியாக பெங்களூர் பாதை வந்தது அப்போதுதான். மொரப்பூர் - தர்மபுரி இணைப்புக்கு 2019-ல் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். தூரம் சுமார் 36 கிலோமீட்டர். அதற்கான நிலத்தை இன்றைய விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. 1941-ல் இரும்பை எடை போட்டு வரவு வைத்தவர்களின் ஏட்டில் இந்தச் செலவுக்கு இடமே இருந்திருக்காது.