சேர்வராயன் பாறைகளில் தோரியக் குறைவு: ஒரு மறுவாசிப்பு

ஏற்காட்டைச் சுற்றியுள்ள சார்னோக்கைட் பாறைகளில் ருபீடியமும் யுரேனியமும் தோரியமும் குறைந்திருப்பது 1980களிலிருந்தே பேசப்பட்டு வருகிறது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலமேலோட்டின் அடியாழத்தில் ஊடுருவிய பாய்மம் ஒன்று இவை அனைத்தையும் ஒருசேரக் கரைத்துக்கொண்டு போனது என்று ஓர் ஆய்வு மரபு கருதுகிறது. ருபீடியத்துக்கு அது பொருந்தும், யுரேனியத்துக்கும் பொருந்தலாம். தோரியத்தை அதே கணக்கில் சேர்ப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

அம்மரபு பெரிதும் சார்ந்திருக்கும் சான்று ஆக்சைடு கனிமங்கள். சேர்வராயன் பாறைகளில் மாக்னடைட்டோடு ஹெமடைட்டும் இல்மனைட்டும் பின்னிக் கிடப்பதை ஹார்லோவும் உடனாய்வாளர்களும் 1997இல் விரிவாகக் காட்டினர். பாறை மிகுந்த ஆக்சிஜனேற்றச் சூழலைக் கண்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சூழல் எந்தத் தனிமத்தை நகர்த்தும்? யுரேனியம் நான்கிணைதிறன் நிலையிலிருந்து ஆறிணைதிறன் நிலைக்கு ஏறினால் எளிதில் கரையும். தோரியத்துக்கு அப்படி ஏற இடமில்லை. இயற்கையில் நான்கிணைதிறன் நிலை ஒன்றே அதற்கு உண்டு. ஆகவே ஹெமடைட்டைக் காட்டி யுரேனிய இழப்பை விளக்கலாம், தோரிய இழப்பை விளக்க முடியாது.

இருப்பிடமும் வேறு. ருபீடியம் மைக்காவிலும் பொட்டாசிய ஃபெல்ஸ்பாரிலும் பரவிக் கிடக்கிறது. பாய்மம் அதை எளிதாக எட்டும். தோரியமோ பெரும்பாலும் அலனைட், மோனசைட் போன்ற நுண்மணிகளில் ஒடுங்கியிருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து தெற்கே ஏற்காடு நோக்கி வரவர அலனைட் அருகி, அருமண் தனிமங்களை அபடைட் ஏற்றுக்கொள்கிறது. லாந்தனத்துக்கு அபடைட் இடம் கொடுக்கும். தோரியத்துக்கு அவ்வளவாகக் கொடுக்காது. அலனைட் சிதைந்தபோது வெளிப்பட்ட தோரியத்தைச் சுமந்து சென்றது பாறை பகுதியாக உருகியதால் பிறந்த கற்குழம்பே என்று கருதுகிறேன். இது இன்னும் கருதுகோள்தான். எனினும் தோரியத்தின் இயல்புக்கு இதைவிட ஒத்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

சல்ஃபேட் கலந்த நீரில் தோரியம் கரைவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன என மறுக்கலாம். அவை 250 டிகிரி செல்சியசுக்குள் நடந்தவை. 700 டிகிரியைத் தாண்டிய பாறைக்கு அவை அளவுகோல் ஆகா. கதிரியக்கச் சிதைவே குறைவுக்குக் காரணம் என்பதும் நிற்காது. தோரியம்-232இன் அரையாயுள் 1405 கோடி ஆண்டுகள். 250 கோடி ஆண்டுகளில் அது சுமார் 12 விழுக்காடுதான் குறைந்திருக்கும். அந்தக் குறைவும் எல்லாப் பாறைகளுக்கும் பொது.

இதைத் தீர்க்கும் அளவீடு கடினமானதன்று. ஒரே வேதிக்கூறு கொண்ட பாறைகளை வடக்கிலும் தெற்கிலும் தேர்ந்து, லாந்தனத்தையும் தோரியத்தையும் ஒரே மாதிரித்துண்டில் அளக்க வேண்டும். தெற்கே லாந்தனம் நிலைத்துத் தோரியம் மட்டும் சரிந்திருந்தால், அச்சரிவு ருபீடியத்தின் இழப்போடு இணைந்து செல்கிறதா, அபடைட்டின் பெருக்கத்தோடு இணைந்து செல்கிறதா என்பதை அந்த மாதிரிகளே காட்டிவிடும்.