சல்வீனியா: ஒரு பெயரின் வரலாறு

இனங்களைப் பிரித்துப் பெயரிடுதல் பண்டிதர்தம் பொழுதுபோக்கு என நம்மிற் சிலர் எண்ணுவர். சல்வீனியாவின் வரலாறு வேறு கூறும்.

1939இல் கொழும்பில் தாவரவியற் கல்விக்கெனக் கொணரப்பட்ட இந்நீர்ப்பன்னம் விரைவிலேயே இலங்கையின் வயல்களிலும் வாய்க்கால்களிலும் பரவிற்று. ஒடிந்த துண்டொன்றே புதுச் செடியாகும் இயல்பினது அது. உழவர் வாரி வரம்பிலிட்ட சில நாட்களிலேயே நீர் மீண்டும் மூடுண்டது. கற்றோர் கொணர்ந்ததை உழைப்போர் வாரினர் என்க!

பிற நாடுகளில் பூச்சிகளை ஏவி இதனை ஒடுக்க முயன்றோரும் தோற்றனர். சல்வீனியா ஒரிகுலாற்றா என்னும் வேறோர் இனமாக இதனைக் கருதி, அவ்வினத்தின் பகைப் பூச்சிகளையே அவர்கள் தேடினர். 1972இலேதான் தாவரவியலாளர் மிச்செல் இதனைத் தனியினமெனக் கண்டு, சல்வீனியா மொலெஸ்ரா எனப் பெயரிட்டார். பெயர் தெளிந்தபின் தாயகமும் தெளிந்தது: 1978இல், தென்கிழக்குப் பிரேசில். அங்கு இதனைத் தின்று வாழ்ந்த சிறு கூன்வண்டு, 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விடப்பட்டது; அடுத்த ஆண்டிலேயே ஏரி தெளிந்தது. (அவ்வண்டும் 1985 வரை பிறிதோர் இனத்தின் பெயரையே சுமந்து திரிந்தமை வேடிக்கையே.)

இலங்கை நீர்நிலைகளில் அவ்வண்டு விடப்பட்டது 1986இல். அதற்குள் நம் உழவர் நாற்பத்தேழு ஆண்டுகள் நீரிற் குனிந்து நின்றுவிட்டனர்.