முக்கோணத்தின் மூன்றாவது பக்கம்: கூரத்துக்கு ரயிலா, காரா?

நேயர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. ஐரோப்பா ட்ரிப் போறாங்களாம், பாரிஸ், லியோன், அப்புறம் இத்தாலி. "ஊருக்கு ஊர் ரயில்ல போகவா, இல்ல வாடகைக்குக் கார் எடுக்கவா?" இது ஹிஸ்டரி பாட்காஸ்ட்ங்க, டிராவல் ஏஜென்சி இல்லன்னு பதில் போடத்தான் நினைச்சேன். ஆனா அதே வாரம் எங்களுக்கும் அதே சண்டை. காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கிற கூரத்துக்குப் போகணும். எங்க தயாரிப்பாளர் கார்னு சொல்றார், நான் ரயில்னு சொல்றேன். ரெண்டு பேருக்கும் நடுவுல 160 வருஷ வரலாறு உட்கார்ந்திருக்குன்னு அப்ப எனக்குத் தெரியாது.

முதல்ல ஒரு மேப்பை மனசுல விரிச்சுக்கோங்க. சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரோடு கிட்டத்தட்ட நேர்க்கோடு. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியா சுமார் 75 கிலோமீட்டர். ரயில் அப்படிப் போகாது. தெற்கே செங்கல்பட்டு வரைக்கும் இறங்கி, அங்கிருந்து வடமேற்கே திரும்பி ஏறணும். இல்லேன்னா மேற்கே அரக்கோணம் போய், அங்கிருந்து தெற்கே இறங்கணும். எப்படிப் போனாலும் 90 கிலோமீட்டருக்கு மேல. அதாவது ரயில் முக்கோணத்தின் இரண்டு பக்கத்தைச் சுற்றுது, ரோடு மூன்றாவது பக்கத்தில் நேராகப் போகுது.

ஒரு காலத்தில் பல்லவர்களின் தலைநகராக இருந்த ஊர். கோயிலும் பட்டும் உள்ள ஊர். அதுக்கு ஏன் இப்படி?

1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடு வரை போகிறது. அந்தப் பாதை அரக்கோணம் வழியாகச் சென்றது, காஞ்சிபுரத்தைத் தொடவில்லை. ஊர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது. ஒன்பது வருஷம் கழித்து, 1865இல், இந்தியன் டிராம்வே கம்பெனி என்ற நிறுவனம் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு கிளைப் பாதை போட்டது. நீளம் வெறும் 19 மைல்.

இங்கதான் சிக்கல். மெயின் லைன் அகலப்பாதை, தண்டவாளங்களுக்கு நடுவில் ஐந்தரை அடி. இந்தக் கிளைப் பாதையோ மூன்றரை அடி. பாதை குறுகினால் வளைவு, பாலம், இன்ஜின் எல்லாமே சின்னதா போதும், செலவும் குறையும். கணக்கு நோட்டில் பார்த்தால் புத்திசாலித்தனம்தான். ஆனா மெட்ராஸிலிருந்து வந்த பெட்டி அந்தக் குட்டித் தண்டவாளத்தில் ஏறாதே! அரக்கோணத்தில் ஆள் இறங்கணும், மூட்டை இறங்கணும், எல்லாம் இன்னொரு வண்டியில் ஏறணும். எதிர்த் திசையில் வந்தாலும் இதே கதை. மாட்டு வண்டியில் சரக்கை ஏற்றினால் வீட்டு வாசலில் ஏற்றி கடை வாசலில் இறக்கலாம். ஒரு வியாபாரியா யோசிச்சுப் பாருங்க, 19 மைலுக்காக இந்த இறக்கி ஏத்துற வேலை உங்களுக்குத் தேவையா?

அதுக்கப்புறம் இன்னொரு அடி. 1870இல் வைஸ்ராய் மேயோ காலத்தில், இரண்டாம் நிலைப் பாதைகளுக்கு மீட்டர் கேஜ் என்று அரசு முடிவெடுத்தது. மூன்றரை அடிப் பாதை அநாதை ஆச்சு. அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1874இல் தென்னிந்திய ரயில்வேக்குள் கரைந்தது. 1878இல் பாதையைப் பிரித்து மீட்டர் கேஜாகப் போட்டார்கள். பிறகு அது செங்கல்பட்டு வரை நீண்டது. நம்ம காலத்துக்குப் பக்கத்துல அதே பாதை மறுபடி அகலப்பாதையா மாறிச்சு. ஒரே வழித்தடத்தில் மூன்று அளவு தண்டவாளங்கள்! ஒவ்வொரு தடவையும் பாதையின் அகலத்தை மாத்தினாங்க, அது போற திசையை மட்டும் யாரும் மாத்தல. முக்கோணம் அப்படியே இருக்கு.

ரோடு கதை வேற. அது மெட்ராஸ் – பெங்களூர் பெருவழி. பழைய என்.எச். 4, இப்ப 48. தங்க நாற்கரத் திட்டத்தில் அகலமாச்சு. அதே ரோட்டில், இருங்காட்டுக்கோட்டையில், 1998இல் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. பின்னாடியே உதிரிபாகக் கம்பெனிகள், ஃபோன் கம்பெனிகள், ஆள் ஏத்துற கம்பெனி பஸ்கள். அதாவது, காஞ்சிபுரத்துக்குக் காரில் போகலாமா என்று நாம யோசிக்கிற ரோட்டில்தான் காரே பிறக்குது. இந்தப் போட்டியில் ரயில் எப்படி ஜெயிக்கும்?

ஐரோப்பாவில் இது தலைகீழ். பாரிஸ் – லியோன் டி.ஜி.வி. 1981இல் ஓட ஆரம்பிச்சது. புதுசா, நேராகவே ஒரு பாதையைப் போட்டாங்க. இரண்டு மணி நேரத்தில் ஊர் நடுவில் இறக்கிவிடும். அங்க மூன்றாவது பக்கம் ரயில் கையில். காரை எடுத்தா டோல், பார்க்கிங், வேற ஊர்ல விட்டா அதுக்குத் தனிக் கட்டணம். இத்தாலியில் பழைய நகர மையத்துக்குள் தெரியாம நுழைஞ்சா கேமரா பிடிச்சு அபராதம். அதனால நேயருக்கு என் பதில்: பெரிய ஊர்களுக்கு நடுவில் ரயில். கிராமம், திராட்சைத் தோட்டம்னு சுத்தணும்னா அந்த ரெண்டு நாளைக்கு மட்டும் கார். சரி, அவ்வளவுதான், கூரத்துக்குத் திரும்புவோம்.

கூரம் சின்ன ஊர்தான், ஆனா லேசான ஊர் இல்ல. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு இந்த ஊர் பேரைத்தான் தாங்கி நிற்குது. கோயிலுக்கு நிலம், மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கு, ஏரிக்குப் பாலாற்றிலிருந்து கால்வாய் என்று பட்டியல் போகிறது. செக்கும் தறியும் அதில் வருகின்றன. தறி! பட்டுன்னு அதில் சொல்லல, நாமளா பட்டை அதில் ஏத்திப் படிக்க வேண்டாம். ஆனா இந்த மண்ணில் தறிக்கு 1300 வருஷப் பழைய எழுத்துச் சான்று இருக்கு என்பதே போதும்.

கூரத்தாழ்வான் பிறந்த ஊரும் இதுதான், ராமானுசரின் சீடர். வைணவ மரபில் சொல்ற கதை: சொத்தை எல்லாம் விட்டுவிட்டு மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே கிளம்புகிறார். காட்டு வழியில் அந்தம்மா, "திருடர் பயம் இருக்குமா?" என்று கேட்கிறார். "மடியில் ஏதாவது இருக்கிறதா?" என்கிறார் இவர். கணவர் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று அவர் ஒரு பொன் வட்டிலை எடுத்து வந்திருந்தார். அதை வாங்கித் தூக்கிப் போட்டுவிட்டு, மேலே நடந்தாராம்.

எனக்கு இந்தக் கதையில் அந்தம்மா மேலதான் பரிவு. பாதி வழியில் குடிக்க ஒரு பாத்திரம்கூட இல்லாம நடக்கணும்னா?

கடைசியில் நாங்க என்ன பண்ணோம்? போகும்போது கார், வரும்போது ரயில். கார் பூந்தமல்லி தாண்டுறதுக்கே ஒரு மணி நேரம். திரும்பும்போது காஞ்சிபுரத்தில் ஏறிய பீச் வண்டியில் இரண்டரை மணி நேரம், டிக்கெட் ஒரு ஃபில்டர் காபி விலைக்குள். எதிர் சீட்டில் ஒரு நெசவாளர் அண்ணன், மடியில் துணிப்பையில் இரண்டு புடவை. தி.நகரில் கொடுக்கப் போகிறார். "பஸ்ல சீக்கிரம் போலாமே அண்ணே?"ன்னு கேட்டேன். "பஸ்ல நின்னுக்கிட்டே வரணும் தம்பி, புடவை கசங்கும். கார் வெச்சா கூலியில பாதி அதுக்கே போயிடும். ட்ரெயின்ல உக்கார இடம் கிடைக்குது. ஆனா இதை விட்டா அடுத்த வண்டிக்கு ரொம்ப நேரம் காத்திருக்கணும்"னார்.

நாங்க ரெண்டு வாரமா சண்டை போட்ட கேள்வி அவருக்குக் கேள்வியே இல்ல. அவர் வாழ்க்கை டைம்டேபிள்ல ஓடுது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியா கூடுவாஞ்சேரிக்கு ஒரு ரயில் பாதை பல வருஷமா பேச்சில் இருக்கு. காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூரில் விமான நிலையம்னு 2022இல் அறிவிச்சாங்க, ஏகனாபுரம் மக்கள் ஏரியும் வயலும் போகுமேன்னு போராடுறாங்க. பறக்கிறவங்களுக்குப் பாதை போடுற வேகத்தில் இந்தக் கிளைப் பாதையில் இன்னும் நாலு வண்டி விடலாமேன்னு எனக்குத் தோணிச்சு. அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, செங்கல்பட்டு வந்தா எழுப்புங்கன்னு சொல்லிட்டு, பையைக் கட்டிப் பிடிச்சபடி தூங்கிட்டார்.