ஒரு படைக்கு ஒரே எரிபொருள்

போர்க்களத்திலே வெற்றியைத் தேடித் தருவது எது என்று வினவினால், வீரம் என்பர் சிலர்; படைக்கலம் என்பர் வேறு சிலர். இருபதாம் நூற்றாண்டின் போர்களை ஊன்றி நோக்கியோர் இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துச் சொல்வர். அதுதான் எரிபொருள். 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், பிரான்சு தேசத்தின் ஊடாக விரைந்து முன்னேறிய அமெரிக்க ஜெனரல் பற்றனின் படை தடைப்பட்டு நின்றது. பகைவரின் எதிர்ப்பைவிடப் பெற்றோல் தட்டுப்பாடே அதற்குப் பெரிய காரணமாயிற்று. கடற்கரையிலிருந்து போர்முனைக்குப் பண்டங்களை ஏற்றிச் செல்ல, ஏறத்தாழ 6,000 லொறிகள் இரவு பகலாக ஓடின. அவற்றை ஓட்டியோருட் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கப் போர்வீரர்கள். ஆனால் பெற்றோலைச் சுமந்து சென்ற லொறிகளே வழியெங்கும் பெற்றோலைக் குடித்தன. எரிபொருளைக் கொண்டு சேர்ப்பதற்கே எரிபொருள் வேண்டும் என்னும் உண்மையைப் படைத்தலைவர்கள் அன்று கண்கூடாகக் கண்டார்கள்.

அதன் பின்னர் வந்த காலத்தில் இத்தொல்லை மேலும் பெருகிற்று. லொறிக்கு டீசல், சிறு வண்டிக்குப் பெற்றோல், ஆகாய விமானத்துக்கு வேறோர் எண்ணெய் என்று படையின் தேவைகள் பிரிந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொள்கலம், தனிக் குழாய், தனிக் கணக்கு வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் எண்ணெய் நிரம்பி வழியும்; ஆனால் அது வேண்டிய எண்ணெயாக இராது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத இந்நிலையைப் போக்க, விமானத்துக்கு ஊற்றும் எண்ணெயையே லொறிக்கும் ஊற்றினால் என்ன என்ற கேள்வி பிறந்தது. அக்கேள்விக்கு விடை காண முயன்ற வரலாறு சுவையானது, படிப்பினை நிறைந்ததுமாகும்.

டீசல் இயந்திரத்தைக் கண்டவர் ஜேர்மானியரான றுடோல்வ் டீசல். அவருடைய இயந்திரம் 1897ஆம் ஆண்டு ஔக்ஸ்பேர்க் நகரிலே வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது. பெற்றோல் இயந்திரத்தில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் இயந்திரத்திலோ பொறி கிடையாது. உருளைக்குள்ளே காற்று இறுக நெருக்கப்படும்போது அதன் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும். அவ்வெங்காற்றினுள் எண்ணெய் நுண்துளியாகப் பாய்ச்சப்பட்டதும் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆதலால் இவ்வியந்திரம் பலவகை எண்ணெய்களையும் ஏற்கும் இயல்புடையது. 1900ஆம் ஆண்டு பரிஸ் மாநகரப் பொருட்காட்சியில் இத்தகைய சிறிய இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில், அதாவது நம்மவர் கச்சான் என்று வழங்கும் கடலையின் எண்ணெயில் ஓடிற்று. அது இயல்பாக ஓடியமையால் பார்த்தவருட் சிலரே அதனை அறிந்தனர் என்று டீசல் பின்னாளில் எழுதினார்.

விமான எரிபொருள் என்று பொதுவாகச் சொல்லும்போது இருவேறு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். உந்துதண்டு கொண்டு இயங்கும் சிறு விமானங்கள் உயர்தரப் பெற்றோலைப் பயன்படுத்துவன. அப்பெற்றோல் எளிதிற் தானாகப் பற்றாதவாறு ஆக்கப்பட்டது. தானாகப் பற்றுவதையே உயிராகக் கொண்ட டீசல் இயந்திரத்துக்கு அது பகைப்பொருள். ஜெட் விமானம் எரிப்பதோ மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் ஒரே குடும்பத்தின் இளையவனும் மூத்தவனும் போன்றவை. முன்னது மெலிந்தது, பின்னது தடித்தது. லொறிக்கு ஊற்றலாமா என்ற கேள்வி எழுந்தது இந்த ஜெட் எண்ணெயைப் பற்றியே.

முதலில் அறிஞர்கள் வேறொரு வழியை நாடினர். எரிபொருளை ஒன்றாக்குவதை விட்டு, எல்லா எரிபொருளையும் உண்ணும் இயந்திரத்தைச் செய்ய முனைந்தனர். ஜேர்மனியின் மான் நிறுவனத்திலே சிக்வ்ரீட் மொய்றர் என்பவர், உந்துதண்டின் தலையில் உள்ள குழியின் சுவரிலே எண்ணெய் படியச் செய்து, அது மெல்ல ஆவியாகி எரியும் முறையை 1950களில் வகுத்தார். அம்முறையைத் தழுவிய பல்லெரிபொருள் இயந்திரங்கள் அமெரிக்கத் தரைப்படையின் இரண்டரைத் தொன் லொறிகளில் 1960களிற் பொருத்தப்பட்டன. அவை டீசலையும் ஜெட் எண்ணெயையும், நெருக்கடி வேளையிற் பெற்றோலையும் எரித்தன. பிரித்தானியாவோ தன் சீவ்ற்றன் என்னும் யுத்த தாங்கிக்கு, ஓர் உருளைக்குள் இரண்டு உந்துதண்டுகள் எதிரெதிரே இயங்கும் பல்லெரிபொருள் இயந்திரத்தைச் செய்தது. எல்லா எண்ணெய்க்கும் இசைய முயன்ற அவ்வியந்திரம், பழுதுக்குப் பேர்பெற்றதாகி நெடுங்காலம் படையினரை வாட்டியது. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் வைத்தவன் கதையாக அது முடிந்தது.

அதே காலத்தில் விமானப் படையிலும் ஒரு மாற்றம் உருவாகி வந்தது. 1951 முதல் அமெரிக்க விமானப் படை பயன்படுத்திய ஜே.பி. 4 என்னும் எண்ணெய், பெற்றோலும் மண்ணெண்ணெயும் கலந்த கலவை. குளிரிலும் எளிதில் ஆவியாகும். ஆகவே எளிதில் தீயும் பற்றும். வியட்நாம் போரிலே குண்டுபட்ட விமானங்கள் தீக்கிரையானமை அதன் கேட்டை உணர்த்திற்று. அதற்குப் பதிலாக வந்தது ஜே.பி. 8. அது பயணிகள் விமானத்துக்குரிய மண்ணெண்ணெயோடு, பனிக்கட்டி உறையாமைக்கும், துருப்பிடியாமைக்கும், மின்னேற்றம் தேங்காமைக்கும் உரிய சேர்மங்கள் கலந்தது. 38 பாகைக்குக் கீழ் அதன் ஆவி தீப்பற்றாது. 1979ஆம் ஆண்டு பிரித்தானியாவிலிருந்த அமெரிக்க விமானத் தளங்களில் இம்மாற்றம் தொடங்கியது. மண்ணெண்ணெயை ஒத்த இவ்வெண்ணெய் விமானக் கொள்கலங்களில் நிரம்பியபோது, லொறிக்கும் விமானத்துக்கும் இருந்த இடைவெளி குறுகிற்று.

ஜேர்மனியின் மாரிக்காலம் அவ்விடைவெளியை மேலும் குறுக்கியது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகளை அடைக்கும். ஜெட் எண்ணெயோ, விண்ணிலே மிக உயரத்திற் பறத்தற்கு உரியதாதலால், சுழியத்துக்குக் கீழ் 47 பாகை வரையும் உறையாது. ஆகவே 1980களில், ஜேர்மனியிலிருந்த அமெரிக்கப் படையினர் டீசலுடன் ஜெட் எண்ணெயைச் சரிபாதியாகக் கலந்து தம் யுத்த தாங்கிகளுக்கு ஊற்றினர். பாதி கலந்து நன்மை கண்டோர், முழுவதையும் மாற்றினால் என்ன என்று எண்ணியது இயல்பே. 1988ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், போர்க்களத்தில் விமானத்துக்கும் தரை வாகனத்துக்கும் ஒரே எரிபொருள் என்னும் கொள்கையைப் பணிப்புரையாக்கியது. வட அத்திலாந்திக் ஒப்பந்த நாடுகளும் அவ்வழியே நின்றன. ரெக்சாஸ் மாநிலத்தின் பிளிஸ் கோட்டையிலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்களும் கருவிகளும் ஜே.பி. 8 கொண்டு இயக்கிப் பரிசோதிக்கப்பட்டன. பெருந்தீங்கு எதுவும் காணப்படவில்லை.

ஆனால் பரிசோதனைக்களம் வேறு, பாலைவனம் வேறு. 1990ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்காகச் சவூதி அரேபியாவிலே படை குவிந்தபோது, அங்கே கிடைத்த ஜெட் எண்ணெய் பயணிகள் விமானத்துக்குரியது. துருவைத் தடுப்பதோடு உராய்வையும் குறைக்கும் சேர்மம் அதிற் கலக்கப்பட்டிருக்கவில்லை. டீசல் இயந்திரத்தின் எரிபொருட் பம்பிகளுட் சிலவற்றுக்கு, அவை செலுத்தும் எண்ணெயே மசகும் ஆகும். 40 பாகை வெப்பத்தில் டீசலின் பாகுத்தன்மை ஏறத்தாழ 2 முதல் 4 அலகு இருக்க, ஜெட் எண்ணெயினது 1 முதல் 1½ அலகே. மெலிந்த எண்ணெய் பாலைவெயிலில் மேலும் மெலிந்து, தேய்ந்த பம்பிகளின் இடுக்குகள் வழியே கசிந்தது. ஓடிக் களைத்து நிறுத்தப்பட்ட வண்டி, சூடு தணியும் வரை மீண்டும் இயங்க மறுத்தது. ஆற்றலிலும் சற்றுக் குறைவு நேர்ந்தது. ஒரு லீற்றர் ஜெட் எண்ணெய், ஒரு லீற்றர் டீசலைவிட எடையிலும் வெப்பத்திலும் சிறிது குறைந்தது அன்றோ?

எதிர்பாராத இழப்பு ஒன்றும் உண்டு. யுத்த தாங்கிகள் தம்மை மறைத்துக்கொள்ள, சூடான புகைபோக்கியில் டீசலைத் தெளித்து வெண்புகைத் திரை எழுப்புவது வழக்கம். டீசலின் தடித்த பகுதிகள் ஆவியாகிப் பின் குளிர்ந்து மூடுபனியாகும். ஜெட் எண்ணெயோ ஆவியாகி மறைந்துவிடும்; திரை எழாது. பகைவர் கண்ணிலிருந்து தப்பும் வழியொன்று, எண்ணெய் மாறியமையால் இல்லாதொழிந்தது. படையணிகள் சில டீசலையே கேட்டுப் பெற்றதில் வியப்பில்லை.

இக்குறைகளால் அக்கொள்கை கைவிடப்படவில்லை. பம்பிகளின் உறுப்புகள் உறுதியாக்கப்பட்டன. மசகுச் சேர்மத்தின் இன்றியமையாமை உணரப்பட்டது. பின்னர் இரண்டு புதிய சிக்கல்கள் தோன்றின. 2006 முதல் அமெரிக்க நெடுஞ்சாலை டீசலிற் கந்தகம் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேற்படலாகாது என்று விதிக்கப்பட்டது. ஜெட் எண்ணெயிலோ 3,000 பங்கு வரை இருக்கலாம். நவீன லொறியின் புகை தூய்மையாக்கும் கருவியை அக்கந்தகம் கெடுத்துவிடும். ஆதலின் படை வண்டிகளுக்கு விதிவிலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. மற்றையது, எண்ணெய் தானாகப் பற்றும் விரைவைக் காட்டும் சீற்றேன் எண். ஜெட் எண்ணெய்க்கு அவ்வெண் விதிக்கப்படவில்லை. விமானத்துக்கு அது தேவையும் இல்லை. செயற்கை முறையில் ஆக்கப்படும் புதிய ஜெட் எண்ணெய்களுட் சில, விமானத்துக்கு உகந்தவையாயினும் டீசல் இயந்திரத்திற் பற்றத் தயங்குவன. ஆகவே அவற்றை அளவறிந்து கலத்தல் அவசியமாகிறது.

இத்துணை இடர்ப்பாடுகளையும் பொறுத்து ஒரே எரிபொருளைப் பேணுவது ஏன்? அதன் விடை போக்குவரத்துச் சாலைகளில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானத்திலே எரிபொருள் ஏற்றிச் சென்ற வாகனத் தொடர்களை ஆராய்ந்து, அமெரிக்கத் தரைப்படையின் சுற்றாடற் கொள்கை நிறுவனம் 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 24 தொடர்களுக்கு ஒருவர் வீதம் உயிரிழந்தனர் அல்லது காயமுற்றனர் என்பது அதன் கணக்கு. இருவகை எண்ணெயை இருவேறு தொடர்களாக அனுப்புவதன் விலையை அக்கணக்கு உணர்த்தும். பம்பி தேய்ந்தால் மாற்றலாம். ஆற்றல் குறைந்தால் வண்டி சற்று மெதுவாகச் செல்லும். வழியிலே வீழ்ந்த சாரதியை மீட்க முடியாது. 1944இலே பிரான்சின் வீதிகளில் உறக்கமின்றி லொறி ஓட்டியோரும், ஆப்கானிய மலைப்பாதைகளில் எண்ணெய் சுமந்தோரும் ஒரே சுமையைத்தான் சுமந்தனர். அவர்கள் செல்லவேண்டிய பயணங்களிற் சிலவற்றையேனும் குறைத்தது, விமானத்தின் எண்ணெயை லொறிக்கு ஊற்றத் துணிந்த இம்முயற்சியின் பயன் ஆகும்.