ஈச்சமரத்தில் முளைத்த பேரால்

கொல்கத்தா நகருக்கு எதிரே, ஊக்ளி நதியின் மேற்குக் கரையில் அமைந்த சிப்பூர்த் தாவரப் பூங்காவிற்குச் செல்வோருட் பெரும்பாலார் ஒரு மரத்தைக் காண்பதற்கே செல்கின்றனர். சேய்மையினின்று நோக்குவார்க்கு அது மரமாகத் தோன்றாது. சிறு காடெனவே தோன்றும். 3,600 க்கு மேற்பட்ட விழுதுகள் நிலத்தில் ஊன்றித் தூண்களாய் நிற்க, நாலரை ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதன் நிழலுள் அடங்கிக் கிடக்கின்றது. மரத்தைச் சுற்றி முன்னர் அமைக்கப்பட்ட 330 மீற்றர் நீளமான பாதையை விழுதுகள் கடந்து அப்பாலுஞ் சென்றுவிட்டன.

காண்போர் வியந்து நிற்பது இயல்பே. ஆயின், வியப்பு மிகுமிடத்து ஆராய்ச்சி குன்றுதலும் இயல்பு. இம்மரத்தின் அகவை 250 ஆண்டுக்கு மேற்பட்டது என்பது வழிகாட்டிகள் அனைவரும் ஒப்பிக்கும் செய்தி. அதற்குச் சான்று யாது என வினவுவோர் சிலரே. நெடுங்காலம் நின்ற மரங்களின் வயதை அடிமரத்து வளையங்களை எண்ணி அறிதல் குளிர் நாடுகளின் வழக்கு. ஆலின் அடிமரமோ பல வேர்கள் பின்னியும் இணைந்தும் ஒன்றானது. ஆண்டு வளையம் அங்கே சான்று கூறாது. எனவே மனிதரின் நினைவையும் ஏட்டையுமே நாம் துணைக்கொள்ள வேண்டும்.

கிழக்கிந்தியக் கும்பனியின் படை அதிகாரியாகிய றொபேட் கிட் என்பவர் தாவரப் பூங்கா ஒன்று வேண்டுமென 1786 ஆம் ஆண்டில் விண்ணப்பித்தார். வங்காளத்தை 1770 ஆம் ஆண்டளவில் வாட்டிய பெரும் பஞ்சத்தின் நினைவு அப்போது மறையவில்லை. சவ்வரிசிப் பனை போன்ற உணவு மரங்களை வருவித்து வளர்த்தால் வறுமைக் காலத்தில் உதவும் என்பது அவர் கருத்துக்களுள் ஒன்று. கும்பனியார்க்கு வாசனைத் திரவியமும் கப்பற்றேக்குமே பெரிதாய்ப்பட்டன என்று கொள்ளுதலும் தவறாகாது. 1787 இற் பூங்கா தோன்றிற்று. 1793 இற் கிட் இறக்க, தாவரவியலறிஞர் றொக்ஸ்பேர்க் பொறுப்பேற்றார். பிற்காலத்தே, 1839 இல், பேராதனைப் பூங்காவிற்கு அசாம் தேயிலை விதைகள் வந்ததும் இக்கல்கத்தாப் பூங்காவினின்றேயாம். நம் மலைநாட்டின் வரலாற்றை மாற்றிய பயிர்க்கும் இம்மரத்து நிழலுக்கும் இவ்வளவிலேனும் ஓர் உறவுண்டு.

இனி மரத்திற்கு வருவோம். ஆங்கிலத் தாவரவியலறிஞர் யோசேப்பு ஹூக்கர் 1848 ஆம் ஆண்டு கல்கத்தாவிற்கு வந்தார். 1854 இல் வெளிவந்த தம் இமயப் பயண நூலில் இம்மரத்தைப் பற்றி அவர் தந்துள்ள குறிப்பு, வரலாற்று மாணவர் போற்றத்தக்க சான்றாகும். பூங்காவின் தலைவராயிருந்த டொக்டர் பல்கோனர் முதியோரை விசாரித்து, மரத்தின் வயது எழுபத்தைந்தே எனத் தெளிந்திருந்தாராம். 1782 இல் அவ்விடத்தே ஓர் ஈச்சமரம் நின்றதையும், அதன் உச்சியினின்று ஆல் முளைத்ததையும், அடியில் ஒரு பக்கீர் அமர்ந்திருந்ததையும் நேரிற் கண்டு நினைவில் வைத்திருந்தோர், ஹூக்கர் எழுதுவதற்குச் சில ஆண்டுகள் முன்வரை உயிருடன் இருந்தனராம்.

இக்கூற்று உண்மையாயின் மரம் பூங்காவினும் மூத்தது; ஆனால் மிக மூத்ததன்று. ஈச்சின் முடியில் விதை முளைத்த நாளிலிருந்து எண்ணினால் இற்றைக்கு ஏறத்தாழ 250 ஆண்டாகும். வேர் மண்ணைத் தொட்ட நாளிலிருந்து எண்ணினால் அதனினும் குறையும். வழிகாட்டியர் சொல்லும் தொகை இவ்வகையிற் பெரும்பிழையுடையதன்று. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே வினா. பெயரறியாத அப்பக்கீர் அங்கிருந்திலரேல் கண்டோர் நினைவில் அவ்வீச்சமரம் நின்றிருக்குமோ என்பதும் ஐயமே. கும்பனி ஏடுகளைக் காட்டிலும் மரத்தடியில் ஒருவர் இருந்தார் என்னும் ஊரார் நினைவே இங்கு உறுதியான சான்றாய் அமைகின்றது.

ஒரு மரத்தின்மீது மற்றொன்று முளைத்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதுமையன்று. பனையின் கருக்குமட்டை இடுக்கில் பறவையெச்சத்தோடு விழுந்த ஆலம்விதை முளைத்து, வேரை நிலம்நோக்கி விடுத்து, பனையைத் தழுவி நிற்கும் காட்சி எம்மூர் வேலிகள்தோறும் உண்டு. புல்லுருவி போன்று ஆல் தான் ஏறிய மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அது ஒட்டுண்ணியன்று, மேலொட்டியே. உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். இடத்தை மட்டுமே இரவல் பெறும். எனினும் வேர்கள் தடித்து இறுகி, இலைகள் வெயிலை மறைக்க, இடங்கொடுத்த மரம் நாளடைவில் மடிகின்றது. சிப்பூர் ஈச்சமரத்தின் முடிவும் இதுவே. இன்று அதன் சுவடுதானும் இல்லை.

மரத்தின்மேல் வளரும் செடிகளைக் குறிக்கும் வடமொழிச் சொல்லாகிய வந்தாக என்பதினின்றே, மரக்கிளைகளிற் பற்றி வாழும் அழகிய ஓர்க்கிட் இனத்திற்கு வந்தா என்னும் பெயர் தாவர நூலில் ஏறிற்று. அதனை அறிஞருலகிற்கு அறிமுகஞ் செய்தவர், 1784 இல் ஆசியக் கழகத்தைக் கல்கத்தாவில் நிறுவிய வில்லியம் யோன்ஸ். வெறும் களையென நாம் ஒதுக்குவனவற்றை அந்நாளில் எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பதற்கு இஃதொரு சான்று.

ஹூக்கர் கண்டபோது மரம் எண்பதடி உயர்ந்து, முந்நூறடி விட்டமுள்ள நிழலைப் பரப்பி நின்றது. ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகுந்த பரப்பு அது. அதன் பின்னரே இடுக்கண் வந்தது. 1864 ஒற்றோபர் 5 ஆந் திகதி வீசிய பெருஞ் சூறாவளி கல்கத்தாவையும் கழிமுகத்தையும் அழித்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. பூங்காவின் மரங்களும் பெருமளவில் வீழ்ந்தன. 1867 இல் மற்றொரு சூறாவளி வந்தது. ஆலின் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த இடங்களிற் பங்கசு நோய் புகுந்தது. 1871 முதல் பூங்காவைத் திருத்தியமைத்த யோர்ச் கிங், ஆல் அத்தி இனங்களைப் பற்றிப் பெருநூலொன்றை 1887, 1888 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அத்தகைய அறிஞரின் காவலில் இருந்தும் அடிமரத்தின் நோய் தீரவில்லை. சுற்றளவில் ஏறத்தாழ ஐம்பதடியாயிருந்த அவ்வடிமரத்தை 1925 இல் வெட்டி நீக்கினர், எஞ்சிய பகுதியைக் காக்கும் பொருட்டு.

அவ்வாண்டு முதல் பேரால் அடிமரம் இன்றியே வாழ்கின்றது. தாய்மரம் அழிந்தது, இன்று நிற்பவை அதன் மக்களே எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. விழுதுகள் தனி மரங்கள் அல்ல. மேலே கிளைகளால் ஒன்றோடொன்று தொடர்ந்து ஓருடலாகவே உள்ளன. ஆல் முதுமையெய்தும்போது நடுமரம் அழிய விழுதுகளே அடிமரங்களாகும் என்பதை, அது நிகழ்வதற்கு எழுபது ஆண்டுகள் முன்னரே ஹூக்கர் குறித்துள்ளார். நடு வெறுமையான பின்னரே மரம் ஒன்றரை ஏக்கரின் மும்மடங்கை எட்டியது என்பதும் எண்ணத்தக்கது. அடிமரம் நின்ற இடத்தில் இன்று ஒரு நினைவுக்கல் மாத்திரம் உளது.

2020 மே மாதம் 20 ஆந் திகதி அம்பன் சூறாவளி வீசியபோது பூங்காவின் மரங்கள் மீண்டும் பெருந்தொகையாய் வீழ்ந்தன. பேராலின் விழுதுகளுஞ் சில சாய்ந்தன. மரம் நிற்கின்றது. இளவிழுதுகளை மூங்கிற் குழாய்களினூடே மண்ணுக்கு வழிப்படுத்தும் பணியைப் பூங்காவினர் செய்து வருகின்றனர்.